மிளகாய்க்காரர் வாசித்துக் காட்டிய துண்டு

அன்று பொதி கட்டும் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். சுங்கப் பகுதியிலிருந்து வந்த மூக்குக்கண்ணாடிக்காரர். எங்கள் மைஸ்டர், அதாவது எங்களை மேய்க்கிற மேற்பார்வையாளர். ஏற்றுமதித் தாள்களை டைப் அடிக்கிற பீரோ அம்மா; கந்தோரை அங்கே பீரோ என்பார்கள். பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிற ஸ்பானியன். நான். ஆறாவது ஆள் மிளகாய்க்காரர். இந்தக் கணக்கை எத்தனையோ தரம் எண்ணிப் பார்த்துவிட்டேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னும் ஒரே ஒருவர் அங்கே நின்றிருந்தால் காரியம் வேறு மாதிரி முடிந்திருக்கும். நிற்கவில்லை. அவரும் நானும்தான்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது போய் அவரிடம் சொல்வார்கள், அவர் ரயில் பிடித்து வந்து என்னோடு சண்டைக்கு நிற்பார். எண்பதுகளின் நடுவில் சுவிஸில் எம்மன்புரூக்கேயில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் அவரை மிளகாய்க்காரர் என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு முன்னால் அண்ணை. நாற்பத்தைந்து வயது இருக்கும். உரும்பிராய்ப் பக்கம் மிளகாய்த் தோட்டம் வைத்திருந்தவர். என்னை அவர் 'பேக்கரி' என்று கூப்பிடுவார். எங்கள் அப்பா சாவகச்சேரிப் பக்கம் ஒரு சின்னப் பேக்கரி நடத்தியவர் என்று வந்த புதிதில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதோடு என் பெயர் போயிற்று.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பொருளைக் கண்டாலும் திருப்பி அடியைப் பார்ப்பார், எங்கே செய்தது என்று. கோப்பை, செருப்பு, குடை, சட்டைக் கொலர், எதுவாக இருந்தாலும் சரி. சோறு போட்டுக் கொடுத்த தட்டைத் தலைக்கு மேலே தூக்கி அடியைப் பார்த்தவர். குழம்பு அவருடைய நெற்றியிலேயே வழிந்தது. அதையும் துடைக்காமல் "போர்த்துக்கல்" என்றார். ஒரு தடவை எங்கள் பொடியன் ஒருவனுக்குக் கலியாணம் நிச்சயமானதென்று நாங்கள் காசு சேர்த்து ஒரு சுவர் மணிக்கூடு வாங்கிக் கொடுத்தோம். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருக்கும்போது இவர் அதை வாங்கித் திருப்பினார்.

"ஹொங்கொங்! டேய், மணிக்கூட்டு நாட்டிலை இருந்துகொண்டு ஹொங்கொங் மணிக்கூடோ குடுக்கிறியள்?"

"அண்ணை, மணி காட்டுதுதானே," என்றேன்.

"மணி காட்டும். ஆனா ஆற்ர நாட்டு மணி?"

அந்தப் பொடியன் முகம் செத்துப் போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு எப்போதும் முதலில் பயம்தான் வரும். கோபம் பிறகுதான் வரும், அதுவும் ஆள் போன பிறகு. இவரிடம் மட்டும் இரண்டும் ஒன்றாக வந்தன.

எங்கள் ஃபக்டரி சின்னது. நூல் நூற்கிற மெசினுக்குள் நூல் அறாமல் வழுக்கி ஓடுவதற்கு ஒரு பீங்கான் வளையம் இருக்கும், சின்னப் பிள்ளையின் மோதிரம் அளவில். அதைத்தான் அங்கே சூளையில் சுட்டு எடுத்தார்கள். நூறு வளையத்துக்கு ஒரு மட்டைப் பெட்டி. பெட்டிகளை மரப் பெட்டியில் அடுக்கி ஆணி அடித்து இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் அனுப்புவார்கள். எண்ணிப் போடுகிற வேலை எனக்கு. அடுக்குகிறதும் ஆணி அடிக்கிறதும் அவருக்கு.

ஒவ்வொரு மரப் பெட்டியோடும் ஒரு பச்சைத் தாள் போகும். பச்சை நிறத்தில் அலை அலையாகக் கோடு போட்ட தாள். இந்தச் சரக்கு இந்த நாட்டில்தான் செய்யப்பட்டது என்று அதில் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். அது இருந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் வரி இல்லை. மைஸ்டர் ஒருநாள் தேநீர் இடைவேளையில் எங்களுக்கு அதை விளங்கப்படுத்தினார். முந்தி ஜெர்மன்காரன் எங்கள் வளையத்துக்கு வரி போட்டானாம். பிறகு நாடுகள் கூடி இருந்து கதைத்து, செய்கிற சாமானுக்கு எல்லையில் வரி எடுப்பதில்லை என்று ஒப்பந்தம் எழுதினார்களாம். எழுதிய பிறகு இரண்டு சூளை நான்காகியதாம்.

"இந்தத் தாள் இல்லையெண்டால் எனக்கும் வேலையில்லை, உங்களுக்கும் வேலையில்லை," என்று தாளைத் தட்டிக் காட்டினார்.

எனக்கு அதைக் கேட்டதும் அந்தத் தாளின் மேல் ஒரு பக்தி வந்துவிட்டது. பொய்யில்லை. அந்த நாட்களில் எங்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று வாரத்துக்கு ஒரு கதை வரும். வேலை இருக்கிறவனை அனுப்ப மாட்டார்கள் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. சட்டத்தில் அப்படி எங்கேயும் இல்லை. நாங்களே உண்டாக்கி நாங்களே நம்பினோம். அதனால் எனக்கு வேலை என்றால் சம்பளம் மட்டுமில்லை, கழுத்து. பச்சைத் தாள் என் கழுத்தைக் காப்பாற்றுகிற தாள்.

மிளகாய்க்காரர் மைஸ்டரைப் பார்த்துத் தன்னுடைய அரைகுறை ஜெர்மனில் கேட்டார்: "அங்கையிருந்து இஞ்சை வாற சாமானுக்கும் வரி இல்லையோ?"

மைஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். இல்லை என்றார். பிறகு, கேட்காமலே, தன் மனைவி ஆற்றுக்கு அந்தப் பக்கம் சட்டை தைக்கிற ஃபக்டரியில் பதினாறு வருசம் இருந்ததையும், வெளியிலிருந்து சட்டை வந்து குவிய அதைப் பூட்டியதையும் சொன்னார். சொல்லிவிட்டு மணியைப் பார்த்து எங்களை வேலைக்கு விரட்டினார்.

"பாத்தியே பேக்கரி? ஒரே கதவு. மனுசனுக்குச் சோறும் அதாலைதான், மனுசிக்கு அடியும் அதாலைதான்," என்றார் மிளகாய்க்காரர். அவருக்கு அதில் ஒரு சந்தோசம். மற்றவன் வீட்டிலும் அதே நெருப்புப் பிடித்திருக்கிறது என்று காண்கிறவனுடைய சந்தோசம்.

இந்தக் கதவுக் கதையில்தான் எனக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. எழுபத்தேழுக்கு முதல் எங்கள் நாட்டில் இறக்குமதியை மூடி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து மிளகாய் இல்லை, வெங்காயம் இல்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுடைய மிளகாய்க்குக் கொழும்பில் பொன் விலை. இவர் அந்தக் காசில் கல்வீடு கட்டினார், உழவு மெசின் எடுத்தார், தங்கச்சிக்குக் கார் கொடுத்துக் கலியாணம் செய்து வைத்தார். பிறகு ஆட்சி மாறிக் கதவைத் திறந்தார்கள். கப்பலில் மிளகாய் வந்தது. இரண்டு போகத்தில் உழவு மெசின் போனது. மூன்றாம் போகத்தில் தோட்டம் ஈட்டுக்குப் போனது. இதை அவர் காண்கிறவனுக்கெல்லாம் சொல்வார். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

நான் கொட்ட மாட்டேன். ஏனென்றால் அவர் கல்வீடு கட்டிய அதே வருசங்களில் எங்கள் பேக்கரிக்கு மா வரவில்லை. கோதுமை மா கப்பலில் வருகிற சாமான். அப்பா விடிய எழும்பிக் கூட்டுறவுக் கடை வாசலில் நின்று வெறுங்கையோடு வருவார். பாண் ரொட்டி சுடுகிற போறணை குளிர்ந்து கிடந்தது. எட்டாம் வகுப்பு முடியும்போது என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டி வவுனியாவில் ஒரு கடைக்கு மூட்டை தூக்க விட்டார்கள். இன்றைக்கும் ஒரு கடிதம் எழுதினால் நாலு தரம் வாசித்துப் பார்க்கிறேன், எங்கே பிழை விட்டேனோ என்று. அது அந்த மாவால் வந்த பயம்.

ஒருநாள் நாங்கள் சேர்ந்திருந்த அறையில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது இதை அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன்.

"உங்கட மிளகாய்க்கு விலை வந்த நேரம் எங்கட வீட்டிலை பாண் இல்லை, அண்ணை. நீங்கள் கார் குடுத்த நேரம் நான் மூட்டை தூக்கினன்."

"அதுக்கு நான் என்ன செய்ய? நான் மாவை ஒளிச்சு வைச்சனானோ?"

"கதவு பூட்டியிருந்தது உங்களுக்கு இனிச்சது. அவ்வளவுதான் சொல்லுறன்."

"திறந்து விட்டவுடனை உங்களுக்கு இனிச்சதோ? போறணை எரிஞ்சுதோ?"

"எரிஞ்சது. ஆனா நான் திரும்பிப் பள்ளிக்கூடம் போகேலாமல் போச்சு."

அவர் அகப்பையை எறிந்துவிட்டுப் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தார். அன்றைக்குக் கறிக்கு உப்புப் போட ஆள் இல்லை. அறைக்காரர் ஆறு பேர் உப்பில்லாமல் தின்றோம். அவர் எழும்பி வந்து ஒரு வாய் வைத்துவிட்டு, "இந்தக் கறியும் பேக்கரி மாதிரித்தான், ஒண்டும் வந்து சேரேல்லை," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஆனால் எனக்குத் தெரியாத ஒன்றை அவர்தான் கண்டுபிடித்தார். கோடை காலத்தில் கடைக்குப் போனபோது தக்காளித் தட்டின் முன்னால் நின்று பேய் பிடித்தவர் மாதிரிச் சத்தம் போட்டார். முந்தின வாரம் வரைக்கும் ஸ்பெயின் தக்காளி கிடந்த இடத்தில் இப்போது சுவிஸ் தக்காளி மட்டும். விலை ஒன்றரை மடங்கு.

"தன்ர தோட்டத்திலை பழுக்கத் தொடங்கினவுடனை வெளித் தக்காளிக்குக் கதவைப் பூட்டுறான், பாத்தியே! மெசினுக்குத் திறக்கிறான், தக்காளிக்குப் பூட்டுறான். ஒப்பந்தம் எழுதேக்கை தோட்டக்காரனை மட்டும் வெளியிலை எடுத்து வைச்சிருக்கிறான். எங்கட ஆக்களுக்கு மட்டும் உந்த மூளை இல்லாமல் போச்சே! எல்லாத்தையும் ஒரேயடியாத் திறந்து விட்டாங்களேயடா!"

கடைக்காரப் பெண் எங்களைப் பார்த்தாள். பொலிசுக்குச் சொல்வாளோ, பொலிசு விசாவைப் பார்க்குமோ என்று எனக்கு மனதில் ஓடியது. "அண்ணை, மெதுவாக் கதையுங்கோ. இந்த விலைக்கு நாங்கள் எப்பிடித் தக்காளி தின்னிறது?" என்றேன்.

"தின்னாதை," என்றார். பிறகு நாலு தக்காளி வாங்கினார். அந்த விலைக்கு. தன்னுடைய தோட்டத்தில் பழுத்ததை வாங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தெரிந்து எடுத்தார். அன்று அவர் மேல் எனக்கு ஏதோ இரக்கம் வந்தது, அதுவும் கொஞ்ச நேரம்.

அடியைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவைதான் சொன்னார். பஸ் வராமல் குளிரில் நின்ற நேரம். கடைசிப் போகத்தில் தோட்டத்து மிளகாய் போதாதென்று, கப்பல் மிளகாயை வாங்கித் தன் சாக்கின் நடுவில் கலந்து கொழும்புக்கு ஏற்றினாராம். மொத்த வியாபாரி பத்து வருசப் பழக்கம், சாக்கைத் திறந்துகூடப் பார்க்கிறவர் இல்லையாம். அன்று என்ன நினைத்தாரோ, சாக்கைத் தலைகீழாகப் பிடித்து நடுக்கடையில் கொட்டினாராம். மேலே சிவப்பு, நடுவில் கறுத்த சிவப்பு, கீழே சிவப்பு.

"ஏசியிருந்தாலும் பரவாயில்லை. 'யாழ்ப்பாணத்து மிளகாயெண்டால் நான் மணந்தும் பாக்கிறேல்லை ஐயா' எண்டான். அவ்வளவுதான். அங்கை நிண்ட கூலியாக்கள் எல்லாம் என்னைப் பாத்தாங்கள்."

பஸ் வந்தது. ஏறியவுடன் அவர் எனக்கு முன்னால் இருந்த இருக்கையில் இருந்து, "இதை ஒருத்தருக்கும் கதையாதை," என்றார். இப்போது எழுதிவிட்டேன். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

அந்தக் குளிர் மாரியில் எங்கள் பெரிய சூளை வெடித்தது. இத்தாலியில் ஒரு பெரிய வாடிக்கைக்காரனுக்குச் சரக்குப் போகவேண்டிய நாள் நெருங்கியது. ஒரு காலை மைஸ்டர் வேறு விதமான மட்டைப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். உள்ளே பிளாஸ்டிக் பையில் வளையங்கள். எங்கள் வளையம் மாதிரியே இருந்தன. பையில் ஒட்டியிருந்த நீலத் துண்டில் தைவான் என்று போட்டிருந்தது.

துண்டை உரித்து எறியவேண்டும். வளையத்தை எங்கள் பெட்டியில் போடவேண்டும். எங்கள் பெட்டியோடு பச்சைத் தாள் போகும். அவ்வளவுதான் வேலை.

மிளகாய்க்காரர் ஒரு பையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். அவருடைய முகத்தில் இரத்தம் ஏறுவதை நான் கண்டேன்.

"இது இஞ்சை செய்யேல்லை," என்றார் மைஸ்டரிடம்.

"தெரியும். அடுக்குங்கோ."

"பச்சைத் தாள் பொய்."

"உங்களைத் தாள் வாசிக்கச் சொல்லி நாங்கள் எடுக்கேல்லை."

"நான் தொட மாட்டன். ஆணி அடிக்கிறன். உள்ளுக்கு வைக்க மாட்டன்."

மைஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் உரிக்கத் தொடங்கினேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அன்று முழுக்க நான் தனியாக உரித்தேன், எண்ணினேன், போட்டேன். அவர் மூலையில் நின்று மரப் பெட்டிக்கு ஆணி அடித்தார். ஒவ்வொரு அடியும் என் தலையில் விழுகிற மாதிரி அடித்தார். "உரி, பேக்கரி, நல்லா உரி. கொட்டிப் பாக்கேக்கை தெரியும்," என்றார் இடையில் ஒருக்கால்.

இங்கேதான் என்னுடைய பிழை வருகிறது. எனக்கு ஒரு தரம் எண்ணினால் நம்பிக்கை வராது. இரண்டு தரம் எண்ணுவேன். நேரம் வீணாகிறதென்று மைஸ்டர் ஏசியிருந்தார். அதனால் எண்ணி முடித்த பெட்டிக்குள் ஒரு சின்ன மட்டைத் துண்டில் பென்சிலால் தமிழில் எழுதிப் போட்டுவிடுவேன்: 'நூறு. சரி.' சில துண்டில் 'நூறு. சரி. திரும்ப எண்ணியாச்சு.' தமிழில் எழுதினால் மைஸ்டருக்கு விளங்காது. மூடி போடும் முன்னம் துண்டை எடுத்துவிடுவேன். அன்று அவசரத்தில், ஆணிச் சத்தத்தில், ஒன்பது பெட்டியில் எடுக்க மறந்து போனேன். இரண்டு நாள் கழித்துத்தான் நினைவு வந்தது. அதற்குப் பிறகு நான் நித்திரை கொள்ளவில்லை.

இத்தாலிக்காரச் சுங்கம் பெட்டியைத் திறந்திருக்கிறது. சுவிஸில் செய்த வளையம் என்று தாள் சொல்கிறது. உள்ளே ஆசியக் கண்டத்து எழுத்தில் துண்டு. அவர்களுக்கு அது தமிழா, சீனமா, தாய்லாந்தா என்று தெரியுமோ? வந்த இடம் வேறு என்று சந்தேகம் விழுந்துவிட்டது. பச்சைத் தாளைத் துண்டுகளோடு திருப்பி அனுப்பி, விசாரியுங்கள் என்று எழுதிவிட்டார்கள்.

அப்படித்தான் அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் எங்கள் கூடத்துக்கு வந்தார். காலில் நனைந்த சப்பாத்து. நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார். பொதி கட்டும் மேசையில் ஒன்பது துண்டையும் வரிசையாக வைத்தார். என்னுடைய எழுத்து.

பீரோ அம்மா முந்திக்கொண்டார். ஆயத்தமாக வந்திருந்தார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. "இது பொதி கட்டுமிடத்துப் பிழை. வேறு சரக்கு ஒன்று பக்கத்தில் கிடந்தது. இவர்கள் மாற்றிப் போட்டுவிட்டார்கள். தமிழர்கள். வாசிக்கத் தெரியாதவர்கள். நாங்கள் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும்."

ஸ்பானியன் தன் வண்டியின் சக்கரத்தைப் பார்த்தான். மைஸ்டர் சுவரைப் பார்த்தார். அவ்வளவு பெரிய பொய்யை அந்த அம்மா அவ்வளவு மெதுவான குரலில் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு வந்தது கோபமில்லை, ஆறுதல். ஓம், மாற்றிப் போட்டேன், மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டால் இது ஒரு சின்னப் பிழையாக முடிந்துவிடும் என்று மனம் சொன்னது. அந்த ஆறுதலை நினைத்து இன்றைக்கும் என்னை நானே அடிக்கவேண்டும் போலிருக்கிறது.

"எனக்கு வாசிக்கத் தெரியும்."

மிளகாய்க்காரர் சுத்தியலோடு மேசைக்கு வந்தார். சுத்தியலை வைத்துவிட்டு ஒரு துண்டை எடுத்தார். மூக்குக்கண்ணாடிக்காரர், "உங்களுடைய எழுத்தா?" என்று கேட்டார்.

"என்ர எழுத்து."

"என்ன எழுதியிருக்கிறது?"

துண்டில் இருந்தது 'நூறு. சரி.' அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், சொல்லுக்குச் சொல் விரலை வைத்து, ஜெர்மனில் வாசித்தார்: "இது இங்கே செய்யவில்லை. இது தைவானில் செய்தது. பெட்டி மாத்தச் சொன்னவர்கள். தாள் பொய்."

இரண்டு சொல்லில் இவ்வளவும் எப்படி அடங்கும் என்று அந்தச் சுங்கக்காரருக்குத் தோன்றியதோ என்னவோ. என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் இதை வாசிப்பீர்கள்தானே? அப்படியா எழுதியிருக்கிறது?"

மிளகாய்க்காரர் என்னைப் பார்க்கவில்லை. துண்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்றால், அப்போது இது யாருடைய எழுத்து, என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்வி என்னிடம் வரும். ஓம் என்றால் வராது. அவர் உண்மை சொல்கிறார், நான் துணை நிற்கவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. கேள்வி என்னைத் தாண்டிப் போகவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"யா," என்றேன். "அப்பிடித்தான் எழுதியிருக்கு."

மைஸ்டர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். அந்தப் பெட்டிகளை மிளகாய்க்காரர் தொடவில்லை என்று அவருக்குத் தெரியும். முழுநாளும் உரித்தவன் நான் என்று தெரியும். அவரும் வாயைத் திறக்கவில்லை. எப்படியும் ஒருவரை அனுப்பவேண்டும். சண்டைக்காரனை அனுப்புவது எல்லோருக்கும் வசதி.

சுங்கக்காரர் போன ஒரு மணித்தியாலத்தில் அவரைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். கம்பெனி இத்தாலிக்காரனுக்கு வரியும் தண்டமும் கட்ட வேண்டி வந்ததாம். அதில் ஒரு பகுதி வேண்டுமென்றே செய்த நட்டம் என்று எழுதி, அவருடைய கடைசிச் சம்பளத்தையும் லீவுக் காசையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். பொய்த் தாளில் கையெழுத்து வைத்தவருக்கு ஒரு சதம் நட்டமில்லை. அந்த இத்தாலிக்காரன் வாங்குவதை நிறுத்தினான். மாரி முடிய முன்னம் ஸ்பானியனுக்கும் வேலை போயிற்று. மூன்று பிள்ளைக்காரன். அவன் யாருக்கு என்ன செய்தான்?

அன்று மாலை அறையில் அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நான் கதவில் நின்றேன்.

"ஏன் அண்ணை அது உங்கட எழுத்தெண்டு சொன்னியள்?"

"பின்னை உன்ர எண்டு சொல்லச் சொல்லுறியோ? நீ செத்துப்போயிருப்பாய்."

"அதுக்காகவோ சொன்னியள்?"

அவர் கட்டுவதை விட்டு நிமிர்ந்தார். பொய் சொல்ல விருப்பமில்லை என்று தெரிந்தது.

"இல்லை. அவள் எங்களுக்கு வாசிக்கத் தெரியாதெண்டாள். சாக்கைக் கொட்டுற முறை இந்தத் தரம் எனக்கு வந்தது. அதை நான் உனக்கு ஏன் விடவேணும்?" பிறகு சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நூறு, சரி! விசரா! உலகத்திலை ஒருத்தன் தான் செய்யிற கள்ள வேலையை ரெண்டு தரம் எண்ணிச் சரி பாப்பானோ?"

எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. எதற்குக் கோபம் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்ல வராது. என்னைக் காப்பாற்றினார் என்று கும்பிடவும் முடியவில்லை. அவர் தன்னுடைய பழைய சாக்குக்காகத்தான் செய்தார். அதே நேரம் என்னுடைய வேலை நின்றது, என்னுடைய விசா நின்றது, பிற்பாடு என் பிள்ளைகள் இந்த நாட்டிலேயே பிறந்தார்கள். அவர் தன்னுடைய முகத்தை நான் சாப்பிடுகிற சோற்றில் கலந்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வருசம் கழித்து, அவர் டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் பிடித்த தொகை எவ்வளவென்று எனக்குத் தெரியும்; கம்பெனியின் கடிதத்தை எங்கள் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போனவர். அந்தத் தொகையை அப்படியே ஓர் உறையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். குசினியின் பின்வாசலில் ரப்பர் ஏப்ரனோடு வந்து நின்றார். மெலிந்திருந்தார்.

"வா பேக்கரி. இன்னும் அங்கைதானோ?"

"ஓம் அண்ணை. இதைப் பிடியுங்கோ."

உறையைப் பிரித்தார். எண்ணவில்லை. "ஃபக்டரி தந்துதோ?"

"இல்லை. நான் தாறன். அது என்ர எழுத்துத்தானே."

"மெதுவாச் சொல்லு. உள்ளுக்கு எங்கட பொடியள் நிக்கிறாங்கள்." உறையை மடித்து என்னுடைய கோட்டுப் பையில் திணித்தார். "உன்ர காசை வாங்கிக்கொண்டு, ஃபக்டரி தந்ததெண்டு நான் நினைச்சுக்கொள்ளவோ? என்னட்டை எடுத்தவன் தரட்டும்."

"அவங்கள் தரவே மாட்டாங்கள் அண்ணை! பிடிவாதம் பிடியாதேங்கோ. ஊரிலை உங்கட பிள்ளையளுக்கு அனுப்புங்கோ."

"என்ர பிள்ளையளை நான் பாப்பன். நீ உன்ர வேலையைப் பார். போ, கடைசி பஸ் போகப் போகுது."

கத்தினேன். அந்தப் பின்வாசலில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக ஆள் முன்னால் நிற்கும்போதே கத்தினேன். உங்களால்தான் ஸ்பானியனுக்கு வேலை போனது, உங்களுக்கு உங்கள் மானம்தான் பெரிது, எங்கள் பேக்கரி குளிர்ந்து கிடந்தபோதும் நீங்கள் இப்படித்தான் இருந்திருப்பீர்கள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும், "ஸ்பானியன்ர விலாசம் இருக்கோ?" என்றார். இருக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

கம்பெனி பிறகு இரண்டு கை மாறியது. புதிய முதலாளிக்கு நான் இரண்டு தரம் எழுதிக் கேட்டேன், நாலு நாலு தரம் வாசித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, பழைய கணக்குகளுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு வரி வந்தது. அவர்கள் அவருக்குக் கொடுக்கவேண்டியது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பிராங்க்.